பேகம் டம்ளர்

குர்ஷித் பேகத்துக்கு மூக்கு ஜாஸ்தி. மத்தலாங்குளத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் பிரியாணி வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தால், இவள் மட்டும் தண்ணி டம்ளரை மோந்து பார்ப்பாள். மோந்துவிட்டு அப்படியே கீழே வைத்துவிடுவாள். "கவிச்சி அடிக்குது. கழுவலை" என்பாள். கல்யாணக்காரர்களுக்கு எப்படி இருக்கும்? "வேலூர் போயி நர்சுக்குப் படிச்சாலும் படிச்சா, நம்ம வீட்டையெல்லாம் ஆஸ்பத்திரின்னு நெனச்சிக்கிட்டா" என்று பொம்பளைகள் கூடிப் பேசுவார்கள். பேசட்டுமே. அவள் பதில் சொல்ல மாட்டாள். சொல்ல ஆரம்பித்தால் இன்னும் நாலு அழுக்கு வெளியே வரும், அப்புறம் ஒருத்தரும் சோத்தில் கை வைக்க முடியாது.

புருஷன் அய்யூப் தகரப் பெட்டி செய்கிறவர், நல்ல மனுஷன். "ஊர்ல அவனவனுக்குக் கண்ணுல பூ விழுது, உனக்கு மூக்குல விழுந்திருக்கக் கூடாதா" என்று கிண்டல் பண்ணுவார். மாமியார் அதற்கும் மேலே. ஊசி போடுவதற்கு முன்னால் மருமகள் ஸ்பிரிட் தடவினால், "இது சாராயம்தானேடி, ஹராம்" என்று முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள். அந்த முந்தானையிலேதான் காலையிலிருந்து அடுப்படிக் கையும் பேரன் மூக்கும் துடைத்திருப்பாள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சுத்தம் இருக்கிறது, பாருங்கள். எல்லாருடைய சுத்தமும் கடைசியில் ஊசி முனையில் அழுக்காக வந்து நிற்கிறது.

அவள் வேலை பார்த்தது தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில். முன்பக்கம் ஆஸ்பத்திரி, பின்கட்டில் டாக்டரம்மா வீடு. டாக்டரம்மா ராஜம்மாள் கைராசிக்காரர். செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். ஆனால் கைராசி கையோடு சரி. ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சு உருண்டை வாங்குவதென்றாலும் அக்கா வேதாம்மாவைத்தான் கேட்க வேண்டும். வேதாம்மா சின்ன வயசிலேயே கைக்குழந்தையோடு தாலியறுத்தவள். தன் நகையை விற்றுத் தங்கச்சியை டாக்டருக்குப் படிக்க வைத்தவள். அதனால் அக்கா கிழித்த கோட்டைத் தங்கச்சி தாண்ட மாட்டார். "நான் அக்காகிட்ட பேசறேன் பேகம்" என்பார். பேசவே மாட்டார்.

வேதாம்மா சுத்தக்காரி. சாதாரண சுத்தம் இல்லை, தீராத சுத்தம். விடிவதற்குள் தலைக்குத் தண்ணி ஊற்றி, ஈரப் புடவையோடு வாசற்படிக்கு மஞ்சள் பூசி, வெளியாள் உட்கார்ந்த இடத்தையெல்லாம் மஞ்சத் தண்ணி தெளித்துத் துடைப்பாள். வீட்டில் வெங்காயம்கூடக் கிடையாது. ஆனால் செலவென்று வந்தால் எச்சில் கையால் காக்கா ஓட்ட மாட்டாள். அவள் சுத்தம் பின்கட்டோடு நின்றுவிடும். முன்பக்கம் ரத்தமும் சீழும் புழங்குகிற இடம், அது எப்படிப் போனால் என்ன என்று விட்டுவிட்டாள்.

கருவிகளைக் கொதிக்க வைக்க ஒரு ஸ்டெரிலைசர் இருந்தது. கரண்டில் ஓடுகிற நீளமான பெட்டி. ஆயா பாஞ்சாலை அதைப் 'பொட்டி' என்பாள். ஊர்த் தண்ணி உப்புத் தண்ணியாதலால் பெட்டியின் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கும். பாஞ்சாலை புளி போட்டுத் தேய்ப்பாள், புளித் திப்பி மூலையில் ஒட்டிக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் குர்ஷித் மூடியைத் திறந்தாள். சிரிஞ்சுகளுக்கு நடுவில் ஒரு முட்டை உருண்டுகொண்டிருந்தது.

"வெந்திருந்தா எடுத்துக் குடுங்க நர்சம்மா" என்றாள் பாஞ்சாலை. "தண்ணி எப்படியும் கொதிக்குதுல்ல, வீணாப் போவானேன்னு போட்டேன்."

குர்ஷித் அன்று சாப்பிடவில்லை. முட்டையையும் தண்ணியையும் சாக்கடையில் கொட்டி, பெட்டியைத் தானே தேய்த்தாள். பாஞ்சாலைக்கு ஒரே வருத்தம், அழுக்குக்காக இல்லை, முட்டைக்காக.

முட்டை காலமே தேவலை என்று ஆகிவிட்டது பிற்பாடு. பெட்டிக்குள் சூடேற்றுகிற காயில் கம்பி எரிந்து போயிற்று. புதுசு வாங்கலாம் என்று டாக்டரம்மா சொல்ல, பார்க்கலாம் என்று வேதாம்மா சொல்ல, அத்தோடு சரி. அடுப்பில் வைக்கலாம் என்றால் கிருஷ்ணாயிலுக்கு ஊரே கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற காலம். வேதாம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"எதுக்கு அவ்ளோ நேரம் கொதிக்கணும்? வெந்நி காட்டினா போதும்" என்றாள்.

வெந்நி காட்டுவது. இந்த ஊரில் எதையும் காட்டியே பழக்கம். சாமிக்குக் கற்பூரம் காட்டுகிறோம், குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுகிறோம், அதுபோல கத்திக்கும் இடுக்கிக்கும் வெந்நி காட்டுவது. பாஞ்சாலை ஒரு சொம்பு வெந்நீரை ட்ரேயின் மேலே சுற்றி ஊற்றுவாள், தீபாராதனை முடிந்த மாதிரி ஒரு திருப்தியோடு நகர்ந்துபோவாள். கையில் எடுத்தால் சூடுகூட இருக்காது. "இது காட்டறதில்லம்மா, கொதிக்கணும். தளதளன்னு கொதிச்சிட்டே இருக்கணும், அப்பதான் அதுல இருக்கறது சாவும்" என்று குர்ஷித் தொண்டை வறளச் சொன்னாள். பாஞ்சாலையிடம் சொன்னாள், டாக்டரம்மாவிடம் சொன்னாள், பின்கட்டு வாசலில் நின்று வேதாம்மாவிடமும் சொன்னாள். செவிடன் காதில் ஊதின சங்கு. தன் ட்யூட்டி நேரத்தில் தன் வீட்டு ஸ்டவ்வைக் கொண்டுவந்து கொதிக்க வைத்தாள். அவள் இல்லாத நேரத்தில் வெந்நி காட்டினார்கள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஆயுத பூஜை. ஆஸ்பத்திரியிலும் பூஜை உண்டு. ஆயுதம் என்றால் ஆஸ்பத்திரியில் எது? குழந்தை வராமல் மாட்டிக்கொண்டால் தலையைப் பிடித்து இழுக்கிற பெரிய இடுக்கிதான். 'ஆயுதம் போட்டு எடுத்தாங்க' என்றுதானே ஊரே சொல்கிறது. அதையும் மற்ற சாமான்களையும் மேஜைமேல் பரப்பி, வேதாம்மா தன் கையாலேயே சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். குர்ஷித்துக்கு அன்று லீவு. மறுநாள் அவள் வந்து சேர்வதற்குள் ஆராயி என்கிற கிராமத்துப் பெண்ணுக்கு ஆயுதம் போட்டு எடுத்து முடித்திருந்தார்கள். ஆண் குழந்தை, வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

குர்ஷித் கழுவப் போட்ட இடுக்கியைக் கையில் எடுத்தாள். இரண்டு பிடியும் சேர்கிற மூட்டில் சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. குண்டூசியால் நோண்டினாள். கொஞ்சம் சந்தனம் வந்தது, கொஞ்சம் குங்குமம் வந்தது, காய்ந்து கறுத்த ரத்தமும் வந்தது. அது அந்தப் பெண்ணின் ரத்தமா, அதற்கு முந்தி வந்தவளின் ரத்தமா என்று தெரியவில்லை. எது குங்குமம் எது ரத்தம் என்றுகூடப் பிரிக்க முடியவில்லை. சாமிக்கு வைத்ததும் மனுஷி உடம்பில் இருந்து வந்ததும் ஒரே பிசுக்காக அவள் நகத்தில் ஒட்டிக்கொண்டது. ஓடிப்போய்த் தொட்டியடியில் வாந்தி எடுத்தாள்.

அப்புறம் அவள் மூக்குதான் முதலில் சொன்னது. ஆராயி படுத்திருந்த கட்டிலைத் தாண்டிப் போனபோது நின்றாள். குழந்தை பெற்றவள் வாடை ஒன்று உண்டு, அது பச்சை வாடை, கெட்ட வாடை இல்லை. இது வேறு. போர்வையைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆராயி குளிரில் பல் கடகடக்க, "ஒண்ணும் இல்ல நர்சம்மா, பால் கட்டிக்கினு ஜொரம்" என்று சிரித்தாள். டாக்டரம்மா தெரிந்த மருந்தெல்லாம் ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வேலூருக்குக் கொண்டு போகச் சொல்லி டாக்சி பிடித்தார்கள். போளூர் தாண்டுவதற்குள் டாக்சி திரும்பி வந்துவிட்டது.

"ஒடம்புல ரத்தமே இல்லாத பொண்ணு. வீட்லயே வெச்சிருந்து கடைசில இழுத்துட்டு வந்தாங்க" என்றார் டாக்டரம்மா, யாரும் கேட்காமலே. வேதாம்மா, "தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டில் இருந்த இடத்துக்கு மஞ்சத் தண்ணி தெளித்தாள்.

இதோடு விட்டிருந்தால்கூடக் குர்ஷித் தாங்கியிருப்பாள். கொஞ்ச நாள் கழித்து ஆராயி புருஷன் சின்னசாமி வந்தான். கையில் ஒரு மூட்டை மல்லாட்டை, புதுசாகப் பிடுங்கின வேர்க்கடலை. டாக்டரம்மா காலடியில் வைத்து, "உங்களால ஆனத நீங்க செஞ்சீங்கம்மா. அவளுக்குக் குடுத்து வெக்கல" என்று கும்பிட்டான். டாக்டரம்மா வாங்கிக்கொண்டார். பின்கட்டில் அதை வறுத்து, கொட்டாங்கச்சியில் போட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள். குர்ஷித் பங்கும் வந்தது. பாஞ்சாலை உடைத்து உடைத்துத் தின்றாள். குர்ஷித் தன் பங்கை மாட்டுக்குப் போட்டுவிட்டாள். அந்த வறுத்த வாசனையே அவளுக்குப் பிணவாடையாக அடித்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று அய்யூப் சொன்னார். அவளும் யோசித்தாள். அப்போதுதான் வேதாம்மாவின் மகள் சரோஜா தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். தங்கமான பெண். சின்னப் பிள்ளையிலிருந்தே குர்ஷித்தை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவள். "சித்தி இருக்காங்க, நீங்க இருக்கீங்க, எனக்கென்ன பயம்" என்றாள். இடுப்பு குறுகின பெண், குழந்தை பெரிசு. டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆயுதம் போட வேண்டி வந்தாலும் வரும்" என்று குர்ஷித்திடம் தனியாகச் சொன்னார். அந்த ஆயுதத்தின் மூட்டு குர்ஷித்தின் கண் முன்னால் வந்து நின்றது. இந்தப் பெண்ணையும் நாம் மோந்து பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தாள். வேலையை விடவில்லை.

இந்த இடத்தில் டம்ளர் கதையைச் சொல்ல வேண்டும். பின்கட்டில் குர்ஷித்துக்கு என்று தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. கொல்லை வாசல் மாடத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தினம் ஒரு காபி, அந்த டம்ளரில், வாசலுக்கு வெளியே. அய்யூப்புக்கு இது தெரிந்தபோது முகம் சிவந்துவிட்டது. "நீ தொட்டுத் தூக்கின குழந்தைங்களத்தானே அவங்க கொஞ்சறாங்க? டம்ளர் மட்டும் ஆவாதா" என்று கத்தினார். குர்ஷித் அசரவில்லை. "தனி டம்ளர் நல்லதுதாங்க. கண்டவங்க எச்சி என் வாய்ல படாது" என்றாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த சுத்தத்தில் அது ஒரு குறையில்லை.

சரோஜா வந்த பிறகு ஒருநாள் மத்தியானம், கருவி கொதிக்க வைக்கக் கரியாவது கொடுங்கள் என்று கேட்கக் குர்ஷித் கொல்லைப்பக்கம் போனாள். வேதாம்மா கரியடுப்பின் முன்னால் குந்தி விசிறிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஒரு குண்டான். தண்ணி அப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது, மூடி எழும்பி எழும்பி விழுந்தது. உள்ளே ஏதோ உலோகம் டக்டக்கென்று முட்டியது. குர்ஷித்துக்கு நம்ப முடியவில்லை. கடைசியில் நம்ம பேச்சு எடுபட்டுடுச்சே, சிரிஞ்சுதான் கொதிக்கிறது என்று, மூடி எழும்பின சமயத்தில் சந்தோஷமாக எட்டிப் பார்த்தாள்.

உள்ளே அவள் டம்ளர் குதித்துக்கொண்டிருந்தது.

"இது எதுக்கும்மா கொதிக்குது?" என்று கேட்டாள்.

வேதாம்மா விசிறியை நிறுத்தவில்லை. கூச்சமும் படவில்லை. "மாடத்துல தனியாத்தான் இருந்தது. ஆனா புள்ளத்தாச்சிப் பொண்ணு புழங்கற வீடு பாரு, தெரியாம எடுத்துடப் போறா. எதுக்கும் கொதிக்க வெச்சிட்டா தோஷமில்ல. நீதானே சொல்லுவ, தளதளன்னு கொதிச்சாத்தான் அதுல இருக்கறது சாவும்னு."

கேட்டீர்களா? சங்கு செவிடன் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. ஆராயிக்கு எரியாத கரி, சிரிஞ்சுக்கு எரியாத கரி, குர்ஷித்தின் எச்சிலுக்கு எரிந்தது.

குர்ஷித் கரி கேட்காமலே திரும்பினாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்கள் அழுக்கைப் பார்த்துத்தான் அவள் முகம் சுளித்திருக்கிறாள். இன்றைக்குத் தன் வாயே ஒருத்திக்கு அந்த இடுக்கி மூட்டு மாதிரி இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் உடம்பு கூசியது. அவமானமும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. அய்யூப்பிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் சுத்தியலோடு கிளம்பிவிடுவார்.

தை மாசத்தில் ஒரு காலை சரோஜாவுக்கு வலி கண்டது. வெயில் ஏற ஏற வலி ஏறியதே தவிரக் குழந்தை இறங்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, "ஆயுதம் எடுத்து வை. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போட்டுடலாம்" என்றார். பாஞ்சாலை ட்ரேயையும் சொம்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். சொம்பில் ஆவிகூட வரவில்லை. குர்ஷித்தின் ஸ்டவ்வில் அன்றைக்கென்று சொட்டு எண்ணெய் இல்லை.

"அதக் குடு" என்று ட்ரேயைப் பிடுங்கினாள். குழாயடியில் வைத்து, பிரஷ்ஷும் சோப்பும் போட்டு, மூட்டுமூட்டாகத் தேய்த்தாள். கத்தரிக்கோல் லைசால் மருந்துத் தண்ணியில் ஊறிக் கிடந்தது, அது அவள் பொறுப்பு, அதில் பயமில்லை. மற்றதையெல்லாம் ட்ரேயில் அடுக்கிக்கொண்டு நேரே கொல்லைப்பக்கம் போனாள். வேதாம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"வேதாம்மா, இப்படி வாங்க. இத ஒரு தரம் பாருங்க."

வேதாம்மா வாசலுக்கு வந்தாள். குர்ஷித் பெரிய இடுக்கியைக் கையில் எடுத்தாள். கல்யாண வீட்டு டம்ளரையே வாயில் வைக்காதவள் அவள். அந்த இரும்பு எந்தெந்த உடம்புக்குள் போய் வந்தது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு, அதன் நுனியை நாக்கில் வைத்து இழுத்தாள். அடுத்ததை எடுத்தாள், அதையும் வாயில் வைத்தாள். ட்ரேயில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, எச்சில் பளபளக்கத் திரும்ப வைத்தாள்.

வேதாம்மா ஓரடி பின்னால் போனாள். "உனக்கென்ன பைத்தியமா" என்றாள்.

"இது எல்லாம் இப்ப என் எச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க பொண்ணு ஒடம்புக்குள்ள போவப் போவுது. வெந்நி காட்டினா போதுமா, இல்ல கொதிக்கணுமா? உங்க இஷ்டம்" என்றாள் குர்ஷித்.

வேதாம்மாவின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. ஒரு நிமிஷம் அடித்துவிடுவாள் போல இருந்தது. அப்புறம் ஓடினாள். பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள், மூட்டைக் கரியையும் அடுப்பில் கொட்டினாள், தலைமுடி அவிழ விசிறினாள். குர்ஷித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணி கொதி வந்தது. குர்ஷித் எடுக்கப் போனபோது, "இரு. இன்னும் கொதிக்கட்டும். போவட்டும் எல்லாம்" என்று வேதாம்மா தடுத்தாள். அவ்வளவு அருமையாகக் கொதித்த கருவியை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சரோஜாவுக்குப் பெண் குழந்தை. நெற்றியில் இடுக்கி அழுத்தின தழும்பு லேசாக இருந்தது, அது இரண்டொரு நாளில் மறைந்துவிட்டது. குர்ஷித் காலையும் மாலையும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பாள். பச்சை வாடைதான். ஜுரம் வரவில்லை. பதினாறு நாள் கழிந்து சரோஜா தலை குளித்து எழுந்தபோதுதான் குர்ஷித்துக்குச் சோறு இறங்கியது. அதுவரைக்கும் உப்புத் தண்ணி போட்டுக் கொப்பளித்துக் கொப்பளித்து வாய் புண்ணாகியும், நாக்கிலிருந்து அந்த இரும்பு ருசி போகவில்லை.

சரி, புத்தி வந்துவிட்டது, இனிமேல் எல்லாருக்கும் கொதிக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள். பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த ஆயுதக் கேஸ் வந்தது, தண்டராம்பட்டுப் பக்கத்துப் பெண். பாஞ்சாலை சொம்போடு வந்தாள். குர்ஷித் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், வேதாம்மா கண்ணெதிரில் மறுபடியும் எல்லாவற்றையும் நாக்கில் வைத்தாள். வேதாம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவங்க யாரோ எவரோ. அவங்க மேல உன் எச்சி பட்டா எனக்கென்ன" என்றாள்.

குர்ஷித்துக்கு அப்போது வந்த அருவருப்பு, முட்டைக்கும் வந்ததில்லை, குங்குமத்துக்கும் வந்ததில்லை. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது, வாயில் அந்த இரும்பின் தண்ணி ஊறி நின்றது. துப்பவில்லை. ட்ரேயைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் நடந்தாள். கூடத்தில் அந்தப் பெண்ணின் மாமியார்க்காரியும் உறவும் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"உங்க பொண்ணுக்குப் போடப் போற ஆயுதம் இது. நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லி, பெரிய இடுக்கியை அவர்கள் முன்னால் ஒரு நக்கு நக்கினாள்.

மாமியார்க்காரி எழுந்த வேகத்தில் வெத்திலைப் பை சிதறியது. "தே, இன்னா பொம்பள நீ? அத எங்க பொண்ணு மேலயா போடுவ? கொதிக்க வெய்யி, முதல்ல கொதிக்க வெய்யி" என்று கூடமே அதிரக் கத்தினாள். விறகு இல்லை என்றாள் குர்ஷித். அவள் மகன் ஓடிப்போய் விறகுக் கடையிலிருந்து ஒரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே மூணு கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். தண்ணி தளதளவென்று கொதிக்கிறவரைக்கும் அந்த அம்மா குர்ஷித்தைத் திட்டிக்கொண்டே நின்றாள். குர்ஷித் திட்டை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பிரசவத்துக்கு வருகிறவர்கள் துணி மூட்டையோடு ஒரு விறகுக் கட்டும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். 'அங்க ஒரு துலுக்க நர்சம்மா இருக்கு, ஆயுதத்த எச்சி பண்ணிடும், நின்னு கொதிக்க வெச்சி வாங்கணும்' என்று கிராமத்துக்குக் கிராமம் சொல்லி அனுப்பினார்கள். அவளைக் கண்டு முகம் சுளித்தார்கள், கிட்டே வந்தால் புடவையை ஒதுக்கிக்கொண்டார்கள். பாஞ்சாலை இதற்கு ஒரு பேரே வைத்துவிட்டாள். புதுசாகச் சேருகிற ஆயாக்களிடம், "வெந்நி காட்டறதெல்லாம் ஆவாது. பேகம் டம்ளர் மாதிரி கொதிக்கணும்" என்பாள். அந்தக் கூடத்தில் அப்புறம் குர்ஷித்தின் மூக்கு நின்று மோப்பம் பிடிக்கும்படி ஒரு கட்டிலும் இருக்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒருநாளும் அது பழகவில்லை. ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தாள்.

எண்பதுகளின் நடுவில் மெட்ராஸிலிருந்து ஆட்டோக்ளேவ் வந்து இறங்கியது. குக்கர் மாதிரி மூடி, திருகினால் உள்ளேயே ஆவி அடைத்துக்கொள்ளும். "இனிமே நீ வாயில வெக்க வேணாம் பேகம்" என்றார் டாக்டரம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். குர்ஷித்துக்கும் முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் ஆகிவிட்டது. வேலையை விட்டாள்.

கடைசி நாள் கொல்லை வாசலுக்குப் போனாள். வேதாம்மாவுக்கு முதுகு கூன் விழுந்திருந்தது. வழக்கம்போல மாடத்து டம்ளரில் காபி வந்தது. குர்ஷித் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இத எனக்குக் குடுத்துடுங்கம்மா."

"அத எதுக்கு உனக்கு?"

"இந்த ஆஸ்பத்திரியில தானா ஒழுங்காக் கொதிச்சது இது ஒண்ணுதாம்மா."

வேதாம்மா எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி கையை மட்டும் அசைத்தாள். வீட்டைவிட்டுப் போகிற சாமான்தானே, கழுவித் தரக்கூட இல்லை.

குர்ஷித் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் அடுப்படிக்குப் போனாள். "அது என்ன டம்ளர்?" என்று அய்யூப் கேட்டார். அவள் அதைக் குண்டானில் போட்டு, தண்ணி ஊற்றி, அடுப்பில் ஏற்றினாள். அந்த வீட்டுக் கை பட்டது போகிறவரைக்கும், தளதளவென்று கொதிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள்.